ஆஸ்திரேலியா 462 விசா மெடிக்கல்: கிளினிக் போவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள்

என் சித்தி பையனுக்கு ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா (எண் 462, வேலையும் பார்த்துக்கொண்டு ஊரும் சுற்றலாம்) குலுக்கலில் பெயர் விழுந்தது. மெடிக்கல் எடுக்கணும் என்றபோது வீட்டில் யாருமே கவலைப்படவில்லை, அவன் தினமும் ஜிம் போகிறவன், காய்ச்சல் என்று படுத்தே பார்த்ததில்லை. சென்னையில் கிளினிக்குக்குப் போனான். "சின்ன வயதில் டிபி வந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்க, இல்லை என்றான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அன்று ராத்திரி போனில் சொன்னதும் சித்தி சாதாரணமாகச் சொன்னார்: "உனக்கு மூணு வயசுல ப்ரைமரி காம்ப்ளக்ஸ்னு ஆறு மாசம் மருந்து குடுத்தேனே, ஞாபகம் இல்லையா?"

ப்ரைமரி காம்ப்ளக்ஸ் என்றால் டிபிதான். நம் ஊரில் அந்தப் பெயரில் மருந்து சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் ஏராளம், ஆனால் அது டிபி என்று பெற்றோருக்கே பல நேரம் தெரியாது. தெரிந்தாலும் அந்த வார்த்தையை வீட்டில் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு அதற்குப் பிறகு சளிப் பரிசோதனை, கல்ச்சர் (சளியில் டிபி கிருமி வளர்கிறதா என்று லேபில் வைத்துப் பார்ப்பது), காத்திருப்பு என்று இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் விசா வந்தது. ஆனால் அந்த இரண்டு மாதம் அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த மெடிக்கலில் உடம்பைக் காட்டுவது சுலபம், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தயார் செய்ய வேண்டியது எல்லாம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஃபைலிலும் அம்மாவின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது.

சரி, முதலில் இருந்து வருவோம். 462 விசா இந்தியர்களுக்குத் திறந்தது 2024 செப்டம்பரில். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு, வருஷத்துக்கு 1000 இடம், அதனால் குலுக்கல். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வைத்து 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். தேர்வானால் 28 நாளுக்குள் விசா விண்ணப்பம் போட்டாக வேண்டும். குலுக்கலில் பெயர் வருவதற்கு முன்னால் யாராவது ஏஜென்ட் "இப்பவே மெடிக்கல் எடுத்து வச்சுக்கலாம் தம்பி" என்றால் கேட்காதீர்கள். கட்டிய காசு திரும்ப வராது, பொதுவாக மெடிக்கல் முடிவு 12 மாதத்துக்குத்தான் செல்லும்.

இந்த விசாவில் 12 மாதம் வரை தங்கலாம். டிபி அதிகம் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை ஆஸ்திரேலியா வைத்திருக்கிறது, அந்த நாடுகளில் இருந்து 6 மாதமோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர்களுக்கு மெடிக்கல் கட்டாயம். பொதுவாகக் கேட்பது மூன்று: டாக்டர் நேரில் செய்யும் முழு உடல் பரிசோதனை (சிறுநீர்ப் பரிசோதனையும் இதில் சேர்த்தி), நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் க்ரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. உங்களுக்கு என்னென்ன என்பதை நீங்கள் விண்ணப்பத்தில் சொல்லும் பதில்களை வைத்து அவர்களே முடிவு செய்வார்கள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று கேட்டார்கள் என்பதற்காக உங்களுக்கும் மூன்றுதான் என்று இல்லை.

நர்ஸிங் முடித்தவர்கள் இதைக் கவனிக்கணும். அங்கே போய் நர்ஸாகவோ டாக்டராகவோ பல் மருத்துவராகவோ வேலை செய்யவோ பயிற்சி எடுக்கவோ எண்ணம் இருந்தால் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனைகளும் சேரும். முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், ஆஸ்பத்திரி இவற்றில் எந்த வேலைக்குப் போவதாக இருந்தாலும் தனிக் கேள்வி இருக்கிறது. உண்மையில் என்ன எண்ணமோ அதையே சொல்லுங்கள். ஒரு பரிசோதனையை மிச்சம் பிடிப்பதற்காக "பண்ணை வேலை" என்று போட்டுவிட்டு அங்கே போய் முதியோர் இல்லத்தில் சேர்வது சரியில்லை, அங்கே இருப்பவர்கள் எண்பது வயதுக்காரர்கள், பரிசோதனையே அவர்களுக்காகத்தான்.

விண்ணப்பம் போட்டு பணம் கட்டியதும் உங்கள் இம்மி அக்கவுண்டில் (விசா விண்ணப்பம் போடும் ஆஸ்திரேலிய அரசின் ஆன்லைன் கணக்கு) உடல்நலப் பரிசோதனை என்ற பகுதிக்குப் போய் அதில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடித்தால் ஹேப் ஐடி என்று ஒரு எண்ணும், எந்தெந்தப் பரிசோதனை என்று எழுதிய ஒரு கடிதமும் கிடைக்கும். இது இல்லாமல் எந்தக் கிளினிக்கும் உங்களைத் தொடாது. அப்புறம், பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிந்தும் சுருங்கியும் இருக்கும். ஹேப் கடிதத்தில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் போகிறதா என்று கிளினிக்கில் வரிசையில் நிற்கும்போது பார்ப்பதை விட வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இப்போது அந்தக் கேள்விகளுக்கு வருவோம், கஷ்டம் இங்கேதான். உங்களுக்கு எப்போதாவது டிபி வந்திருக்கிறதா, வீட்டில் டிபி இருந்த ஒருவரோடு நெருங்கி இருந்தீர்களா, எப்போதாவது எடுத்த எக்ஸ்ரேயில் ஏதாவது இருந்ததா என்று கேட்பார்கள். கடந்த 5 வருஷத்தில் வேறு நாட்டில் தொடர்ந்து 3 மாதத்துக்கு மேல் இருந்தீர்களா என்றும் வரும், துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்கள் மறந்துவிடாதீர்கள். படிவத்தைத் திறப்பதற்கு முன் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டுக் கேளுங்கள். "எனக்கு டிபி வந்துச்சா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: சின்ன வயதில் ப்ரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொன்னார்களா, கழுத்தில் கட்டி வந்து பல மாதம் மருந்து சாப்பிட்டேனா, சிவப்பு நிறத்தில் சிறுநீர் போகிற மாதிரி மாத்திரையோ மருந்தோ கொடுத்தீர்களா? அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை அம்மாக்கள் யாரும் மறப்பதில்லை, ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கிவிடும், அதைப் பார்த்துப் பதறிய அம்மாவுக்கு இருபது வருஷம் கழித்தும் ஞாபகம் இருக்கும்.

ஆம் என்றால் பழைய சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி என்று கிடைப்பதைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் மருந்து கொடுத்த டாக்டர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து ஒரு கடிதம் வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் எந்த வருஷம், எந்த ஊர், எத்தனை மாதம் என்று நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்.

இதை மறைக்கச் சொல்லும் ஆட்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிந்தது வளைகுடா மெடிக்கல், அங்கே எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தாலே அன்ஃபிட் என்று அனுப்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியா அப்படி இல்லை. பழைய டிபி ஆறிவிட்டது என்று உறுதியானால் விசா கிடைக்கும், சிலரிடம் அங்கே போனதும் உடல்நலத் துறையோடு தொடர்பில் இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இப்போது நோய் இருந்தால்கூட சிகிச்சை முடித்து குணமாகும் வரை விசா முடிவை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படுவதோடு 3 வருஷம் வரை தடையும் விழலாம். எக்ஸ்ரே உங்களை விட நல்ல ஞாபகசக்தி உள்ளது.

கிளினிக் என்றால் ஏதோ ஒரு கிளினிக் இல்லை. ஆஸ்திரேலிய உள்துறை அங்கீகரித்த பேனல் டாக்டரிடம் மட்டும்தான் எடுக்க முடியும், பட்டியல் அவர்கள் வலைத்தளத்தில் நாடு வாரியாக இருக்கிறது, சென்னையும் அதில் உண்டு. உங்கள் குடும்ப டாக்டரின் ரிப்போர்ட்டைக் கூடுதல் ஆவணமாகக் காட்டலாம், அதுவே மெடிக்கல் ஆகாது. போன் செய்து நேரம் வாங்கும்போதே ஹேப் ஐடியைச் சொல்லி மொத்தம் எவ்வளவு, பணமா கார்டா என்று கேட்டுவிடுங்கள்.

போகிற அன்று ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கணும். ஆதார், ஜெராக்ஸ் எதுவும் அதற்கு ஈடாகாது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள், பார்வை சோதிப்பார்கள். தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதன் சீட்டு. சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, இதய ஆபரேஷன் என்று எதுவானாலும் பார்க்கிற டாக்டரிடம் இப்போது நிலைமை என்ன என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அவர்கள் திரும்பக் கேட்டு இரண்டு வாரம் போவது மிச்சம்.

பெண்கள் மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள், சிறுநீரில் ரத்தம் என்று வந்து மறுபடி வரச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ எக்ஸ்ரே அறைக்குள் போவதற்கு முன் கட்டாயம் சொல்லணும். நீளமான பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரலின் மேல் பகுதியில் நிழலாக விழும், டிபி தழும்பும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். செயின், தாலி, கழுத்தில் கட்டிய தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும், கழற்ற மனம் வராதவர்கள் இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிட்டு வாருங்கள், அந்த அறை வாசலில் நின்று கண் கலங்கிய ஒரு பெண்ணைப் பார்த்தேன்.

ஜிம் போகிற பையன்களுக்கு: தசைக்காக க்ரியாட்டின் பவுடர் எடுத்தால் ரத்தத்தில் க்ரியாட்டினின் கூடித் தெரியலாம். முந்தின நாள் ராத்திரி நிறைய இறைச்சி சாப்பிட்டாலும் அப்படித்தான். கடுமையான உடற்பயிற்சிக்கு மறுநாள் சிறுநீரில் புரதம் வரக்கூடும். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கனமான பயிற்சியை நிறுத்துங்கள், முந்தின நாள் சாதாரணச் சாப்பாடு, நன்றாகத் தண்ணீர், நல்ல தூக்கம். பவுடர் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை.

பரிசோதனையில் உயரம், எடை, ரத்த அழுத்தம், இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் பார்ப்பார்கள். படி ஏறி ஓடிப்போய் உட்கார்ந்ததும் பிபி பார்த்தால் கூடத்தான் காட்டும், ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிவை கிளினிக்கே கணினி வழியாக நேராக அனுப்பிவிடும். "பாஸா சார்?" என்று டாக்டரிடம் கேட்டுப் பயனில்லை, முடிவு அவர் கையில் இல்லை. சந்தேகம் இருக்கும் கேஸ்களை ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ அதிகாரி பார்ப்பார். இம்மி அக்கவுண்டில் "நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, ஹெல்த் க்ளியரன்ஸ் கொடுத்தாயிற்று" என்று வந்தால் அந்த வேலை முடிந்தது. டிபி தவிர மற்ற நோய்களுக்கு அவர்கள் பார்ப்பது, நீங்கள் அங்கே தங்கும் காலத்தில் அரசுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பது. 2024 ஜூலை முதல் அந்த வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர். ஒரு வருஷத் தங்கலுக்குச் சர்க்கரையோ தைராய்டோ அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

சளிப் பரிசோதனை என்று சொல்லிவிட்டால் மனம் தளராதீர்கள். அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி எடுப்பார்கள், கல்ச்சர் முடிவு வர 6 முதல் 8 வாரம் ஆகும், அதை யாராலும் வேகப்படுத்த முடியாது. விசா கையில் வரும் வரை வேலையை விடாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள். என் சித்தி பையன் நோட்டீஸ் பீரியடில் இருந்தான், கடைசி நாளில் வேலை போனது, சளி ரிசல்ட் வரவில்லை.

பிரிட்டனின் யங் ப்ரொஃபஷனல்ஸ் விசாவுக்கும் போட்டிருப்பவர்கள் அந்த மெடிக்கலையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே டிபி பரிசோதனை மட்டும்தான், அவர்கள் அங்கீகரித்த வேறு கிளினிக்கில், அந்தச் சான்றிதழ் 6 மாதத்துக்குச் செல்லும். ஒன்றை மற்றொன்றுக்குக் காட்ட முடியாது.

கிளம்பும்போது எக்ஸ்ரே நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை 462 போடும்போதோ பிறகு படிக்கப் போகும்போதோ நெஞ்சில் ஏதாவது தெரிந்தால், அது அன்றும் அப்படியேதான் இருந்தது என்று காட்ட அந்தப் பழைய படம் உதவும்.