புற்றுநோய் எண்ணிக்கையில் மறைந்திருக்கும் போக்கைக் கண்டறிவது எப்படி?

புற்றுநோய்ப் பதிவேட்டில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை அப்படியே வரைபடமாக்கினால், அதில் பெரும்பாலும் தெரிவது மக்கள்தொகையும் முதுமையும்தான். பெரும்பாலான புற்றுநோய்கள் வயதோடு கூடுபவை என்பதால், முதியோர் மிகுந்த பகுதி நோய் மிகுந்த பகுதியாகவே தோன்றும். எனவே ஒவ்வோர் 5 ஆண்டு வயதுப் பிரிவுக்கும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வீதம் கணக்கிட்டு, அதைப் பொதுவான ஒரு மக்கள்தொகையின் எடைகளால் (அதில் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் உள்ள பங்குகளால்) பெருக்கிக் கூட்டி, வயது சீராக்கிய வீதத்தைப் பெற வேண்டும். 1960இல் செகி என்ற ஆய்வாளர் முன்வைத்து, பின்னர் டால் என்ற ஆய்வாளர் திருத்திய எடைகள் பரவலாகப் பயன்படுகின்றன. எந்த எடைகளை எடுத்தாலும் ஒப்பிடும் இரு தரப்புக்கும் அவையே இருக்க வேண்டும்.

நோயாளிகள் சிலரே இருக்கும் சிறு பகுதிகளில் இந்த முறை தடுமாறும். அங்கே பெரும்பரப்பின் வயதுவாரி வீதங்களைச் சிறு பகுதியின் மக்கள்தொகையில் பொருத்தி, எத்தனை பேரை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிடுவதே நல்லது. எதிர்பார்த்தது 2.5, கண்டது 5 என்றால் விகிதம் 2. இரட்டிப்பு என்று பதறத் தோன்றும். ஆனால் அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு மாறும் என்று சொல்லும் பாய்சான் பரவலின்படி அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 0.65 முதல் 4.67 வரை விரிகிறது. மிகை ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும் 1 அதற்குள்ளேயே அடங்குகிறது. உண்மையில் எந்த மிகையும் இல்லாவிட்டாலும், இத்தகைய 100 பகுதிகளில் ஏறத்தாழ 11 பகுதிகள் 5 அல்லது அதற்கு மேற்பட்ட நோயாளிகளைக் காட்டும். வரைபடத்தில் சிவப்பாகத் தெரிபவற்றில் பல இவைதாம். அண்டைப் பகுதிகளின் தகவலைச் சேர்த்து மதிப்பீட்டைச் சமன்படுத்த, 1991இல் பெசாக், யார்க், மோலியே என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கணித மாதிரி உதவும். நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்த பின் எல்லை வரைவது மட்டும் கூடவே கூடாது. அப்படி வரைந்தால் எங்கும் ஒரு நோயாளிக் கொத்து கிடைத்துவிடும்.

காலப் போக்கை ஆராயும்போது வயது, ஆண்டு, பிறந்த தலைமுறை ஆகிய மூன்றின் நேர்கோட்டு விளைவுகளையும் தனித்தனியே பிரிக்க இயலாது. ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு வந்துவிடுகிறதே! ஆகவே சாய்வைவிட வளைவையும் திருப்பங்களையும் நம்புங்கள். ஏற்றம் தெரிந்தால் அருகிலேயே இறப்பு வீதத்தையும் வரைந்து பாருங்கள். தென் கொரியாவில் 2011இல் தைராய்டு புற்றுநோய் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது, இறப்பு வீதமோ ஏறத்தாழ அப்படியே நின்றது. பெருகியது ஸ்கேன் பரிசோதனையே. இறக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்: பதிவுகள் தாமதமாக வந்து சேர்வதால் கடைசி ஓரிரு ஆண்டுகளில் தெரியும் சரிவைப் போக்குக் கோட்டில் சேர்க்காதீர்கள்.