என்ஜின் லைட் திரும்பத் திரும்ப எரிகிறதா? அழிப்பதற்கு முன் வாசியுங்கள்

டாஷ்போட்டில் மஞ்சள் என்ஜின் லைட் எரிந்தால் எங்கள் திருகோணமலையில் பலர் முதலில் செய்வது, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுவதுதான். லைட் அணையும், மனசும் ஆறும், இரண்டு நாளில் நிலாவெளிக்குப் போய் வருவதற்குள் மறுபடி எரியும். நானும் இப்படியே மூன்று மாதம் ஓட்டினேன். லைட்டோடு சேர்த்துத் தடயத்தையும் ஒவ்வொரு முறையும் அழித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

லைட் எரியும்போது காரின் கம்ப்யூட்டர் அந்தப் பழுதுக்குரிய எண்ணையும் பதிந்துகொள்ளும், அதுதான் கோட். கோட் பதிவாகும் நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் காரின் கம்ப்யூட்டர் படம் பிடித்த மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஃப்ரீஸ் ஃப்ரேம். பற்றரியைக் கழற்றினாலும் சரி, கோட்டை வாசிக்கும் கருவியான ஸ்கானரில் கிளியர் அமத்தினாலும் சரி, அது போய்விடும். அதனால் கராஜுக்குப் போனதும் முதலில் கோட்டையும் அந்தப் பக்கத்தையும் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிப்பதெல்லாம் அப்புறம்.

அடுத்த தவறுதான் காசைத் தின்பது: கோட்டில் வரும் பெயரைப் பார்த்துப் பொருளை மாற்றுவது. என் காரில் வந்தது பி0171. அதன் அர்த்தம், எரிபொருளுக்கு அளவான காற்றை விடக் காற்று கூடுதலாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதைக் கண்டு சொல்வது புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் என்பதால், ஒரு கராஜில் அந்த சென்சரையே மாற்றிவிட்டார்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த பாவித்த சென்சர், அதற்கும் நல்ல விலை. நான்காம் நாள் லைட் திரும்ப வந்தது. செய்தி சொன்னவனையே மாற்றியிருக்கிறோம், பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிறகு உப்புவெளியில் ஒரு மெக்கானிக் அண்ணா ஸ்கானரில் கோட்டை விட்டுவிட்டு ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்தார். கம்ப்யூட்டர் எவ்வளவு பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதைக் காட்டும் எண் அது, பத்து சதவீதத்துக்குள் நின்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. என்ஜின் ஓடக் கார் சும்மா நிற்கும்போது 24 சதவீதம் கூட்டுவதாகக் காட்டியது. அக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் 6க்கு இறங்கியது. "தம்பி, இது எங்கேயோ காத்து இழுக்குது" என்றார். சும்மா நிற்கும்போது என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஒரு சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். சுற்று கூடினால் அது எடுபடாது. எண் இதற்கு மாறாகச் சுற்று கூடக் கூட ஏறினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு பார்க்கும் சென்சர் என்ற பக்கம் தேட வேண்டும். அவர் வெக்யூம் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலே பளபளவென்று இருந்த ஒரு குழாயின் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒரு சாண் குழாய், அவ்வளவுதான்.

காற்றளவு சென்சரில் அழுக்கு என்று தெரிந்தால் அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். பெற்றோலும் பிரஷும் வைத்துத் தேய்த்தால் உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி போய்விடும்.

லைட் விட்டு விட்டு மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைச் சூடாக்கி அழித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு ஹபரணை வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும் பி0301 வந்தால், அதன் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலை மூன்றாவதோடு மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். கோட் பி0303 ஆகிவிட்டால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். கையில் காசு செலவாகாத சோதனை இது, ஆனாலும் நாலு கொயிலையும் ஒன்றாக மாற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், வயிறு எரிகிறது.

கன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தவுடன் கன்வேர்ட்டருக்கு விலை கேட்கவும் வேண்டாம். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே கோட் வரும்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, உப்புக்காற்று. கடற்கரையை ஒட்டி நிற்கும் காரில் சென்சர் நல்லதாகவே இருக்கும், அதன் வயர் பிளக்கைக் கழற்றினால் பின்களில் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். மார்கழி மழையோடு மட்டும் வந்து வெயிலில் போய்விடும் லைட் என்றால் முதலில் அந்த வயர் பிளக்குகளையும் காரின் உடலோடு பூட்டிய ஏர்த் வயரையும் பாருங்கள். எலி கடித்த வயரையும்.

திருத்தி முடிந்ததும் கோட்டை அழித்துவிட்டுக் கராஜ் வாசலிலேயே சரி என்று காசு கொடுத்துவிடாதீர்கள். பல பழுதுகளுக்குக் கம்ப்யூட்டர் இரண்டு ஓட்டத்தில் உறுதிசெய்த பிறகுதான் லைட்டைப் போடும், அதற்கு முன் பெண்டிங் கோட்டாக உள்ளே வைத்திருக்கும். நான் கந்தளாய் வரை போய், ஒரு தேத்தண்ணி குடித்து என்ஜின் ஆறவிட்டு, திரும்பி வந்து பெண்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த அண்ணாவுக்குக் கூலி கொடுத்தேன்.