கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன் வந்துவிட்டதா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

முதலில் கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அது நடக்காது. தபாலை மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதித் திரும்பிப் போகும், கோர்ட் அதைச் சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) நேரில் வந்து நீங்கள் வாங்க மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வழக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு வழக்குகளில் மக்கள் தோற்பதற்குப் பெரிய காரணம் கடன் வாங்கியது அல்ல, கோர்ட்டுக்குப் போகாமல் இருந்ததுதான். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

வாங்கிய தேதியைக் கவரின் மேலேயே எழுதி, கவரோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கான கெடு எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

படி 1: இது நிஜமாகவே சம்மனா?

வாட்ஸ்அப்பில் வரும் "கைது வாரண்ட்", வங்கி வக்கீல் அனுப்பும் நோட்டீஸ், மக்கள் நீதிமன்ற அழைப்பு, ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர்) கடிதம், கோர்ட் சம்மன் இவை எல்லாம் வேறு வேறு. கோர்ட் சம்மன் என்றால் கோர்ட்டின் பெயர், முத்திரை, வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கூடவே வங்கி தாக்கல் செய்த வழக்குரையின் நகலும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ ஆப்பிலோ வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா எப்போது என்பதுகூட அதில் தெரியும்.

ஆர்பிட்ரேட்டர் கடிதம் வந்தால் அதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். அங்கே வரும் உத்தரவையும் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்ற முடியும். வங்கி தன்னிச்சையாக ஒருவரை ஆர்பிட்ரேட்டராக நியமித்திருந்தால் அதை ஆட்சேபிக்க உங்களுக்கு வழி உண்டு, ஆனால் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

இன்னொன்று, பயப்படாமல் படியுங்கள்: கிரெடிட் கார்டு பணம் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் போலீஸ் வந்து யாரையும் பிடித்துப் போக முடியாது. நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தாலோ ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பியிருந்தாலோ அது குற்றவியல் வழக்காக வரலாம். அந்த சம்மனாக இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், கீழே உள்ள படிகள் அதற்குப் பொருந்தாது.

படி 2: கெடுவை எண்ணுங்கள்

சாதாரண பண வழக்கில், சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குரைக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் சம்மனில் (சிவில் நடைமுறைச் சட்டத்தின்) "ஆணை 37" என்று இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு, அதன் கெடு மிகவும் குறைவு. 10 நாளுக்குள் கோர்ட்டில் ஆஜராவதைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் வங்கித் தரப்பு தீர்ப்புக்கான சம்மன் அனுப்பும். அது வந்து 10 நாளுக்குள், எதிர்வழக்காட அனுமதி கேட்டு மனு போட வேண்டும். இதைத் தவறவிட்டால் வங்கி கேட்ட தொகைக்கே நேராகத் தீர்ப்பாகிவிடலாம்.

படி 3: வக்கீல்

நீங்களே நேரில் வாதாடச் சட்டம் அனுமதிக்கிறது. இருந்தாலும் எதிருரை எழுதுவதற்காவது ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது. காசில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம், 1987-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை இது.

படி 4: கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பழைய ஸ்டேட்மென்ட்களை எடுங்கள், இல்லையென்றால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: தேதி, நீங்கள் வாங்கிய பொருள், கட்டிய பணம், வட்டி, அபராதமும் ஜிஎஸ்டியும். மாதம் மாதமாக நிரப்புங்கள். உதாரணத்துக்கு, பொருள் வாங்கியது 62,000 ரூபாய், வழக்கில் கேட்பது 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 42 சதவீதம் ஆகிறது, அதற்கு மேல் தாமதக் கட்டணம், அந்த இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி என்று தொகை ஏறுகிறது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போட 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை, அப்படிச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் கட்டிய பணம் ஏதாவது வரவு வைக்கப்படாமல் இருக்கிறதா, நீங்கள் கேட்காத இன்சூரன்ஸுக்குப் பணம் பிடித்திருக்கிறார்களா, கார்டை முடக்கச் சொன்ன பிறகு செலவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் செல்லாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த 2008 தேசிய நுகர்வோர் ஆணைய உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது, அதை நம்பி எதிருரை எழுத வேண்டாம். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியையும் கட்டணத்தையும் எதிர்ப்பதுதான் வலுவான வழி.

அடுத்தது காலவரம்பு. பொதுவாக நீங்கள் பணம் கட்டத் தவறியதிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்கு போட்டிருக்க வேண்டும். கொரோனா காலத்தில் 15.03.2020 முதல் 28.02.2022 வரையுள்ள நாள்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து கழித்துவிட்டது, அதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 3 வருடம் முடிவதற்குள் "பாக்கி உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். வசூல் ஏஜெண்ட் நீட்டும் காகிதத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 5: எதிருரை

வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதினால் மறுத்ததாக ஆகாது, தெளிவாக மறுக்காத விஷயத்தை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இப்படி இருக்க வேண்டும்: "4-வது பத்தியில் சொல்லப்பட்ட பாக்கித் தொகை மறுக்கப்படுகிறது. பிரதிவாதி இன்ன தேதியில் கட்டிய 15,000 ரூபாய் வரவு வைக்கப்படவில்லை, அதற்கான ரசீது இத்துடன் தாக்கல் செய்யப்படுகிறது." உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள். கார்டு உங்களுடையதுதான் என்றால் அதை மறுக்காதீர்கள், தொகையை மறுங்கள். காலவரம்பு தாண்டியிருந்தால் அதற்குத் தனிப் பத்தி போடுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால், தவணையில் கட்ட அனுமதிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

படி 6: வாய்தா, சமரசம்

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களோ வக்கீலோ போயே ஆக வேண்டும். போகாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் இல்லாமலே கொடுக்கும் தீர்ப்பு) ஆகிவிட்டால், 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடலாம். சம்மனே சரியாக வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

சமரசத்துக்குப் பல வங்கிகள் தயாராகவே இருக்கும், குறிப்பாக மக்கள் நீதிமன்றத்தில். ஆனால் அங்கே போடும் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. உங்களால் நிச்சயம் கட்ட முடிந்த தொகையைத் தவிர வேறெதற்கும் தலையாட்டாதீர்கள்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராகவே வந்தாலும் சம்பளம் முழுவதையும் ஜப்தி செய்ய முடியாது. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஜப்திக்குக் கணக்கில் வரும் சம்பளம் 25,000 என்றால் மாதம் அதிகபட்சம் 8,000 பிடிக்கலாம், அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் வரைதான். பி.எஃப், கிராஜுவிட்டி இரண்டும் ஜப்திக்கு உட்படாது.

சமரசம் ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே தொகை, தேதி, வழக்கு எண் மூன்றும் உள்ள கடிதத்தை வங்கியின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் போடுங்கள், ஏஜெண்ட் சொல்லும் தனி நபர் கணக்கில் ஒருபோதும் வேண்டாம். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, கோர்ட்டிலும் சமரச மனு தாக்கலாகி வழக்கு முடிந்ததா என்று இ-கோர்ட்ஸில் பாருங்கள். அப்புறம் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கணக்கு முடிந்த விவரம் தவறாக இருந்தால் புகார் கொடுங்கள், 30 நாளுக்குள் திருத்தவில்லை என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது.