பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்

தியானத்துக்கு உட்கார்ந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பவர்கள் மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். காலையில் பல் துலக்கியதும், போனைக் கையில் எடுப்பதற்கு முன், 10 நிமிடம் போதும்.

சம்மணமிட்டால் முதுகு கூன் விழுகிறதா? போர்வையை நாலாக மடித்து அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். கால் மரத்துப்போகிறவர்களுக்கு நாற்காலியே நல்லது.

மூச்சு வெளியே போகும்போது மட்டும் மனதுக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒன்று. பலர் தவறுவது இங்கேதான்: எண்ணுக்கு ஏற்றபடி மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள். நெஞ்சு இறுகும், தலை கிறுகிறுக்கும். மூச்சு தன் போக்கில் போகட்டும், எண் அதன் பின்னால் போகட்டும்.

திடீரென்று 14, 15 என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எண் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, மனம் நேற்றைய சண்டைக்குப் போய்விட்டது. அதைக் கண்டுகொள்ளும் அந்தக் கணம்தான் பயிற்சியே! நொந்துகொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். 20 முறை திரும்பினாலும் குறையில்லை.

தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையைப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 20 நிமிடமாக ஈடுகட்ட வேண்டாம், சலிப்புதான் மிஞ்சும். வழக்கமான நேரத்தில் அதே 10 நிமிடம் உட்காருங்கள்.