கண் நரம்பு அழற்சி திரும்பத் திரும்ப வருகிறதா? பிறபொருளெதிரியைத் தேடும் வழி

ஒரு கண் ஓரிரு நாளில் மங்கி, விழியை அசைக்கும்போது நோகும். அது ஆறிச் சில மாதத்தில் மறுபடியும் வந்தால், கிருமியை எதிர்க்க வேண்டிய பிறபொருளெதிரி சொந்த நரம்பையே தாக்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தேட வேண்டியவை இரண்டு. முதலாவது அக்குவாபோரின்-4 பிறபொருளெதிரி (இனிச் சுருக்கமாக 'எதிரி'). நரம்புக்குத் துணைநிற்கும் அஸ்ட்ரோசைட் கலங்களில் நீர் போய்வரும் வாசலை இது தாக்கும். 2004இல் இது அறியப்படும் வரை, இவ்வெதிரி உள்ள பலரின் நோய்க்கு மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, முண்ணாண் நரம்புகளின் உறை சிதையும் வேறொரு நோய்) என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாவது மொக் (MOG) எதிரி. இது நரம்பைச் சுற்றிய மயலின் என்னும் கொழுப்பு உறையின் வெளிப்புறத்தைத் தாக்கும்.

படி 1: வீட்டில். ஒரு கண்ணை மூடிச் செவ்வரத்தம்பூவைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். நோயுள்ள கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். எந்தக் கண், எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாட்கணக்கில் நிற்காத விக்கல், வாந்தி, கால் விறைப்பு, சிறுநீர் போகாமை இருந்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அக்குவாபோரின் நோய் மூளைத்தண்டையும் முண்ணாணையும் தொடும். கண் வைத்தியரிடம் இவற்றைச் சொல்லப் பலருக்குத் தோன்றுவதில்லை.

படி 2: இரத்தம். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். முடிந்தால் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் ஏற்றுமுன், பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றுமுன் கட்டாயமாக, இரத்தம் எடுக்கக் கேளுங்கள். பிளாஸ்மா மாற்றினால் எதிரியும் சேர்ந்து வெளியேறி, நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அக்குவாபோரின் சோதனைக்கு, முள்ளந்தண்டு நீரை விட, உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரான சீரமே நல்லது. கலங்களில் வைத்துப் பார்க்கும் 'செல் பேஸ்ட்' (cell-based) முறையா என்று விசாரியுங்கள். எலைசா என்னும் மற்றச் சோதனை முறையில் தவறான முடிவுகள் அதிகம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சீரத்தை அனுப்பினாலும், முடிவுக்காகச் சிகிச்சையைப் பிற்போட வேண்டாம்.

படி 3: உடனடிச் சிகிச்சை. வழமை, மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள், இரத்த நாளத்தில் ஏற்றும் ஊசியாக. பார்வை திரும்பாவிட்டால் ஒன்றைவிட்ட நாட்களில் 5 முதல் 7 தடவை பிளாஸ்மா மாற்றம். அக்குவாபோரின் என்றால் பிந்தும் ஒவ்வொரு நாளும் பார்வையில் கழியும்.

படி 4: முடிவை வாசித்தல். செல் பேஸ்ட் முறையில் வந்த அக்குவாபோரின் 'பொசிட்டிவ்' நம்பத்தக்கது. மொக் அப்படியல்ல. நிலைப்படுத்திய (இரசாயனத்தில் பதப்படுத்திய) கலங்களில் 1:100க்குக் கீழான அளவு, அதாவது சீரத்தை நூறு மடங்கு நீர்த்தால் தென்படாத அளவு என்றால், எம்.ஆர்.ஐ.யும் அறிகுறிகளும் ஒத்துவருகின்றனவா என்று வைத்தியர் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இரண்டும் 'நெகட்டிவ்', ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது என்றால் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பாருங்கள்.

படி 5: தடுப்பு மருந்து. அக்குவாபோரினுக்கு ஒரு தாக்குதலே போதும், நீண்டகாலத் தடுப்பு தொடங்க. நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டக்சிமப், அசதயோபிரின், மைக்கோஃபெனொலேற் ஆகியவை வழக்கத்தில் உள்ளன. ரிட்டக்சிமப்புக்கு முன் ஹெப்பரைட்டிஸ் பி சோதனை தவறக்கூடாது. மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிசுக்கான பீட்டா இன்டர்ஃபெரோனும் ஃபிங்கோலிமொட்டும் அக்குவாபோரின் நோயை மோசமாக்கலாம். எதிரியின் பெயரைத் தெரிந்துகொள்வதன் முழுப் பயனும் இங்கேதான். மொக் நோய், ஸ்டீரொயிட்டைக் குறைக்கும்போதோ நிறுத்திய சில வாரத்திலோ அடிக்கடி திரும்பும். நல்லாத் தெரிகிறது என்று குளிசையை நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வெயில். கச்சான் காற்று வீசும் மதியத்திலும் கன்னியா வெந்நீரூற்றில் குளித்த பின்னும், முன்பு பாதித்த கண் சற்று மங்கலாம். உடல் குளிர்ந்ததும் தெளிந்தால் அது புதுத் தாக்குதல் அல்ல. 24 மணி நேரம் கடந்தும் மங்கலாகவே இருந்தாலோ, நோவும் சேர்ந்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் கொப்பியையும் பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.