சிறு குழந்தைகளுடன் ஒரு நாள் நீர் விளையாட்டுப் பூங்கா

கோவையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், நீலகிரி மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தில் உள்ள பிளாக் தண்டர் போன்ற நீர் விளையாட்டுப் பூங்காவிற்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர், புறப்படுவதற்கு முந்தைய நாளே குழந்தையின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. பெரிய சறுக்குகளில் உயரக் கட்டுப்பாடு இருப்பதால், வரிசையில் அரைமணி நேரம் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் குழந்தையின் அழுகையை அடக்குவது எளிதன்று.

வார நாளில், கதவு திறக்கும் நேரத்திற்கே சென்றுவிடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை ஆழமில்லாத குழந்தைகள் குளத்திற்கே ஒதுக்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. பருத்தி ஆடையைப் பெரும்பாலும் நீரில் அனுமதிப்பதில்லை என்பதால் நைலான் உடையும், உச்சிவெயிலில் கொதிக்கும் தரைக்கு ரப்பர் செருப்பும் தேவை.

எல்லாவற்றையும் விட, குழந்தையின் உதட்டைக் கவனியுங்கள். அது நீலம் பாய்ந்து, தாடை நடுங்கத் தொடங்கினால், "இன்னும் கொஞ்ச நேரம்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் உடனே கரையேற்றித் தலையைத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, வெதுவெதுப்பான பாலோ சுக்குக் காப்பியோ கொடுங்கள்.