மால்ட்டனில் எந்த மாதம், எந்த நேரம் ஜன்னலைத் திறப்பது

யார்க்‌ஷயரில் மால்ட்டன் மாதிரியான சந்தை ஊருக்குக் குடிவருகிறவர்கள் "அப்பாடா, இனி நல்ல காற்று" என்றுதான் பெட்டியை இறக்குவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். பாதி உண்மைதான், சுற்றிலும் வயல், கீழே டெர்வென்ட் ஆறு. ஆனால் இங்கே காற்று பருவத்துக்குப் பருவம் குணம் மாறும், வீட்டில் என் மகளைப் போல இளைப்பு உள்ள பிள்ளையோ வயதானவரோ இருந்தால் அந்தக் குணம் தெரிந்தே ஆகவேண்டும்.

முதலில் போனில் யூகே-ஏர் என்ற அரசின் காற்று மாசுத் தளத்தைச் சேமித்து வையுங்கள். மாசு எவ்வளவு என்று 1 முதல் 10 வரை ஓர் எண் தருவார்கள், முன்கணிப்பும் உண்டு. 3 வரை கவலையில்லை, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-ஐத் தொட்டாலே அதிகம். இளைப்பு உள்ளவர்களுக்கு 4 என்றாலே கவனம் வேண்டும். ஆனால் அது ஒரு பெரிய பரப்புக்கான எண், உங்கள் தெருவில் யார் ஈர விறகு எரிக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களில் மாட்டுச் சாணம், பன்றிச் சாணம் கரைத்து விடுவார்கள், ஊரே நாறும். பலரும் நாற்றம்தான் கெடுதல் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. அதிலிருந்து எழும் அம்மோனியா, வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. அதற்கு நேரம் பிடிக்கும், துகள் வெகுதூரமும் போகும், அதனால் நாறுகிற நாளைவிட நாற்றமே இல்லாத மறுநாள் மோசமாக இருக்கலாம். 2014 வசந்தத்தில் கார்களின் மேல் சகாராத் தூசி படிந்தபோது எல்லாரும் பாலைவனத்தைத்தான் குறை சொன்னார்கள், பின்னால் ஆராய்ந்தபோது பெரும்பங்கு இந்த அம்மோனியம் நைட்ரேட் துகள்தான் என்று தெரிந்தது, அதில் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்ததும் சேர்த்தி. ஆகவே வசந்தத்தில் மூக்கை நம்பாதீர்கள், காற்றின் திசையைப் பாருங்கள். மெதுவான கிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஓட விடுங்கள். மேற்கிலிருந்து மழையோடு காற்று வந்தால் தாராளமாகத் திறக்கலாம்.

கோடையில் தொல்லை தருவது தரையருகே உருவாகும் ஓசோன் வாயு. இது நகரத்தைவிட கிராமத்தில்தான் அதிகம், ஏனென்றால் நகரத்து வண்டிப் புகையே ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். வெயில் கொளுத்தும் பிற்பகலில்தான் உச்சம், எனவே ஓட்டமும் விளையாட்டும் காலையில் முடியட்டும். புல் மகரந்தம் ஜூன், ஜூலையில் படுத்தும், ஒவ்வாமை இருந்தால் அந்த மாதங்களில் துணியை உள்ளேயே காயப்போடுங்கள். ஆகஸ்டில் அறுவடை இயந்திரம் ஓடும் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினால் போதும்.

பருவம் பார்க்காத இடம் ஒன்று உண்டு, புட்சர் கார்னர். குறுகலான சந்திப்பு, இரு பக்கமும் கட்டடம், ரயில்வே கேட் மூடினால் வண்டிகள் தேங்கி நிற்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு காரணமாக 2009-இல் அந்தப் பகுதியைத் தனிக் கண்காணிப்பு மண்டலமாகவே அறிவித்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தை இருக்கும் உயரமும் புகைக்குழாய் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று, அங்கே நின்று பேசாமல் பின் தெரு வழியாகப் போங்கள்.

சரி, குளிர்காலம். எனக்கு இதுதான் பெரிய கவலை. மேகமில்லாமல், இலைகூட அசையாத மாலைகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பாருங்கள். புகை மேலே ஏறாமல் கூரை மட்டத்தில் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தால், அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டு மறுநாள் மதியம் ஒரு பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். தாளிக்கும்போது மட்டும் சமையலறை விசிறியைப் போடத் தவறாதீர்கள், அந்தப் புகையும் நுண்துகள்தான்.

நீங்களே விறகு எரிப்பவரானால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சிறு கட்டுகளாக ஈர விறகு விற்பதை 2021 மே மாதமே தடை செய்துவிட்டார்கள், 'ரெடி டு பர்ன்' முத்திரை பார்த்து வாங்குங்கள். தெரிந்த ஆளிடம் மொத்தமாக வாங்கினால் ஈரமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தாதீர்கள், அது பெரும்பாலும் காய்ந்தேதான் காட்டும். கோடரியால் பிளந்து, புதிதாகத் தெரிகிற உள்முகத்தில் குத்திப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கட்டும் என்று காற்று வழியை அடைத்துவிட்டுப் படுக்கவும் கூடாது, அப்போதுதான் புகை அதிகம், கார்பன் மோனாக்சைடும் சேரும். அடுப்பு உள்ள அறையில் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், மலிவு விலைத் துகள்மானி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மூடுபனிக் காலையில் அது எகிறினால் பதற வேண்டாம், நீர்த்துளியையும் அது துகளாக எண்ணிவிடும். பனி விலகியபின் இன்னொரு முறை பாருங்கள்.